வெப்பமானிக்கு யார் சாட்சி?

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில், குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பது சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டியின் பொறுப்பு. எரிவாயுக் கொதிகலன் என்று அதற்குப் பெயர். பெயர்தான் கொதிகலனே தவிர, அதில் நீர் கொதிப்பதில்லை, கொதிக்கவும் கூடாது. ஓரளவு சூடேறிய நீர் குழாய்கள் வழியே அறைதோறும் சென்று, தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. நீரின் சூட்டைக் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குச் சொல்வது ஒரு சிறிய வெப்ப உணர்வி.

திடீரென்று பெட்டி நின்றுவிடுகிறது. ‘வெப்ப உணர்வியில் கோளாறு’ என்பதற்கான குறியீடு தோன்றுகிறது. உண்மையிலேயே உணர்வி கெட்டுவிட்டதா? அல்லது அது சரியாகத்தான் சொல்கிறதா? நீரின் வெப்பநிலையை அறிவிப்பதே அந்த உணர்விதான். அதன் சொல்லையே சந்தேகித்தால் வேறு யாரைக் கேட்பது?

இந்தக் கேள்வி புதிதன்று. இதற்கு விடை காண முடியாமல், நல்லதொரு கருவி பத்தாண்டுகளுக்கு மேல் மதிப்பிழந்து கிடந்ததுண்டு.

கடற்கம்பியில் பிறந்த கருவி

உலோகக் கம்பி சூடானால் அதில் மின்சாரம் செல்வது கடினமாகிறது என்பதை 1821-ல் ஹம்ப்ரி டேவி கண்டறிந்தார். அதாவது, வெப்பநிலை ஏற ஏற உலோகத்தின் மின்தடையும் ஏறுகிறது. இதைக் கொண்டு வெப்பநிலையை அளக்கலாம் என்று செயலில் காட்டியவர் வில்லியம் சீமன்ஸ். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியியலறிஞர் இவர்.

1860-ல் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடுவதற்கென ஒரு தந்திக் கடற்கம்பி தயாராயிற்று. மைல் கணக்கில் நீளமுள்ள அக்கம்பியைச் சுருட்டி வைத்தபோது, சுருளின் உட்புறம் தானாகவே சூடேறக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. கம்பியின் மேலுறை கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். சூட்டில் அது இளகிவிடும். சுருளின் நடுவே பாதரச வெப்பமானியை நுழைத்துப் பார்க்க வழியில்லை. சீமன்ஸ் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள்களை அடுக்குகளின் இடையே வைத்து, அவற்றின் மின்தடையை வெளியிலிருந்தே அளந்தார். எட்டாத இடத்தின் சூடு எட்டும் இடத்தில் தெரிந்தது.

பிறகு அவர் உலைகளின் பக்கம் திரும்பினார். பிளாட்டினக் கம்பியைக் களிமண் உருளையில் சுற்றி, இரும்புக் குழாய்க்குள் வைத்து, உலையின் வெப்பநிலையை அளக்கும் கருவியைச் செய்தார். 1871-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய பேக்கேரியன் சொற்பொழிவில் இதை விளக்கினார்.

கருவியின் மீது விழுந்த பழி

இக்கருவியைச் சோதிக்க, அறிவியல் வளர்ச்சிக்கான பிரிட்டிஷ் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. குழு எளிய கேள்வி ஒன்றைக் கேட்டது: உலையில் சூடேற்றிய கருவியை மீண்டும் பனிக்கட்டியில் வைத்தால், பழைய மின்தடையே திரும்ப வருகிறதா? வரவில்லை. ஒவ்வொரு முறை காய்ச்சிய பிறகும் மின்தடை மாறியிருந்தது. 1874-ல் குழுவின் அறிக்கை வெளியானது. பனிக்கட்டியின் வெப்பநிலை மாறாது. ஆகவே மாறியது கருவிதான். மின்தடை வெப்பமானியை நம்ப முடியாது என்ற எண்ணம் பரவியது.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் ஹியூ காலண்டர். கேம்பிரிட்ஜில் கிரேக்கம், லத்தீன் இலக்கியங்களிலும் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறிவிட்டு, ஜே.ஜே. தாம்சன் தலைமையில் இருந்த கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த இளைஞர் அவர்.

காலண்டர் பிளாட்டினச் சுருளைக் காற்று வெப்பமானியின் குமிழுக்குள்ளேயே வைத்தார். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாக வேண்டும். ஒன்று சொல்வதை மற்றொன்று சரிபார்க்கும். இவ்வாறு ஒப்பிட்டு, 1887-ல் தம் முடிவை வெளியிட்டார். தூய பிளாட்டினத்தை மாசு படாமலும், இழுபட்டு விறைக்காமலும் காத்தால், எத்தனை முறை சூடேற்றினாலும் பனிக்கட்டியில் அதே மின்தடைக்குத் திரும்பிவிடுகிறது. பிளாட்டினத்தின் மீது குற்றமில்லை. களிமண்ணிலிருந்தும் குழாய்க்குள் சேர்ந்த வாயுக்களாலும் ஏற்பட்ட மாசுதான் அதைக் கெடுத்திருந்தது.

இன்னொரு கோளாறையும் அவர் தீர்த்தார். சுருளுக்குச் செல்லும் இணைப்புக் கம்பிகளுக்கும் மின்தடை உண்டு. உலையருகே அவையும் சூடேறி அளவைக் கெடுக்கும். அதே நீளத்தில், சுருள் இல்லாத மற்றொரு சோடிக் கம்பிகளைக் கூடவே கொண்டுசென்று, வீட்ஸ்டன் சமனச் சுற்றின் அடுத்த புயத்தில் இணைத்தார். கம்பிகளால் வரும் பிழை இரு பக்கமும் சமமாகி நீங்கியது. பழி சுமந்த அந்தக் கருவி 1927-ல் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலில் இடம்பெற்றது. இன்றும் அந்த இடத்தில் இருக்கிறது.

எதிர்த்திசையில் செல்லும் பொருள்

வீட்டுக் கொதிகலன்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது பிளாட்டினம் அன்று, தெர்மிஸ்டர். இதன் வேர் 1833-ல் இருக்கிறது. வெள்ளி சல்பைடைச் சூடேற்றினால் அதன் மின்தடை குறைவதை மைக்கேல் பாரடே அவ்வாண்டில் கண்டார். உலோகங்களின் நடத்தைக்கு இது நேர்மாறு. ஆனால் இத்தகைய பொருள்களை ஒரே தரத்தில் திரும்பத் திரும்பச் செய்வது கடினமாக இருந்ததால், இவை பயனுக்கு வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் மாங்கனீசு, நிக்கல் முதலியவற்றின் ஆக்சைடுகளைச் சுட்டு நிலையான தெர்மிஸ்டர்களைச் செய்தார்கள்.

வழக்கமான ஒரு கொதிகலன் தெர்மிஸ்டரின் மின்தடை 25 டிகிரி செல்சியசில் 10,000 ஓம். 0 டிகிரியில் அது சுமார் 32,600 ஓம். 60 டிகிரியில் சுமார் 2,500. 80 டிகிரியில் சுமார் 1,250. சிறிய வெப்ப மாற்றத்துக்கும் பெரிய மின்தடை மாற்றம் கிடைப்பதே இதன் சிறப்பு.

பொய்யைப் பிடிப்பது எப்படி?

உணர்வியின் கம்பி அறுந்துவிட்டால் மின்தடை எல்லையற்றதாகிறது. சுற்றுக்கு அது கடுங்குளிராகத் தோன்றும். வெறும் எந்திரமாக இருந்தால், ‘நீர் உறைந்து கிடக்கிறது’ என்று எண்ணி அடுப்பை எரித்துக்கொண்டே இருக்கும்! இந்த ஆபத்தைத் தவிர்க்கவே, நம்பத்தகாத அளவு வந்தால் எரிவதை நிறுத்திக் கோளாறு என்று அறிவிக்கும்படி சுற்றை அமைக்கிறார்கள். உணர்வியை நம்பாமல், அளவுக்கு மீறிய சூட்டைத் தடுக்கத் தனிக் காப்பும் வைக்கிறார்கள்.

முற்றும் கெட்ட உணர்வி இவ்வாறு எளிதில் அகப்பட்டுவிடும். அரைப் பொய் சொல்வதே தொல்லை. இணைப்பு முனையில் களிம்பு பிடித்து 300 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 80 டிகிரியில் 1,250 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 1,550 வரும். சுற்று அதைச் சுமார் 73 டிகிரி என்று படிக்கும். ஏழு டிகிரி குறைவு. இங்கே புதிய உணர்வி வாங்கிப் போட்டும் பயனில்லை. களவு போனது வேறு வீட்டில்! காலண்டர் இணைப்புக் கம்பிகளில் கண்ட அதே பாடம்தான் இது.

ஆகவே தேர்ந்த தொழில்நுட்பர் முதலில் மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்துகிறார். உணர்வியைக் கழற்றி, மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளந்து, தெரிந்த வெப்பநிலையில் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுகிறார். பிறகு கம்பியின் மறுமுனையிலிருந்து அளக்கிறார். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் குற்றம் இணைப்பில். குழாயின் வெளியே கவ்வியிருக்கும் வகை உணர்வியானால், அது நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் தனித்தனி உணர்விகள் இருந்தால், இரவு முழுதும் அணைந்து குளிர்ந்த பெட்டியில் இரண்டும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். காட்டவில்லையெனில் ஒன்று பொய் சொல்கிறது. எல்லாம் சரியாக இருந்தால், உணர்வி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நீரோட்டம் தடைப்பட்டு உண்மையிலேயே சூடு மீறியிருக்கலாம். உடனே பம்பைப் பார்க்க வேண்டும். எரிவாயுப் பெட்டியைத் திறப்பது பயிற்சியும் உரிமமும் பெற்றவர்களின் வேலை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மீட்டர் எதிர்பாராத அளவைக் காட்டினால், ‘மீட்டர் கெட்டுவிட்டது’ என்று மாணவர்கள் சொல்வதுண்டு. கெட்டிருக்கலாம். ஆனால் மாறாத ஒன்றோடும், தனியான இரண்டாம் சாட்சியோடும் ஒப்பிடாத வரை அது தீர்ப்பு ஆகாது, வெறும் பழியே. 1874-ன் குழு முதல் சாட்சியை அழைத்தது. இரண்டாம் சாட்சியை அழைத்தவர் காலண்டர். அதனால்தான் நல்ல கருவி ஒன்று பிழைத்தது.