சூறாவளியும் செய்ந்நன்றியும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், கல்முனை வீதியோரமாக அமைந்த ஊர் குருக்கள்மடம். எதிரே படுவான்கரையில் அம்பிளாந்துறை. இரு கரைகளையும் நெடுங்காலம் இணைத்தது ஓடத்துறை. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி இக்கரை அக்கரை என்று பாராது அழித்தது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டத்தின் 28,000 ஏக்கர்த் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது.

இது வெறும் வருவாய் இழப்பன்று. கூரைக்குக் கிடுகும், வேலிக்கு ஓலையும், கறிக்குப் பாலும், அடுப்புக்கு மட்டையும் தந்தது அம்மரமே. எனவே வீடிழந்தவன், அதை மீள வேய்தற்குரிய பொருளையும் உடனிழந்தான். வீழ்ந்த மரத்தின் ஓலை ஒருமுறை கூரையாகும். மறு ஆண்டுக்கு எங்கே போவது? புதிய கன்று காய்க்கவோ ஆண்டுகள் பல வேண்டும்.

அரசும் அயல்நாடுகளும் அளித்த உதவி ஏடுகளில் உண்டு. அதனை நன்றியுடன் குறிப்பது முறையே. ஆயின் அவ்விரவில் நனைந்து வந்தோர்க்குத் தம் கல்வீட்டுக் கதவைத் திறந்தவர் யார், தம் கூரை பறந்திருக்கவும் அயலாரின் கூரைக்கு வரிச்சுக் கட்டியவர் யார் என்பதைக் கணக்கேடு கூறாது. அது கண்டவர் வாய்மொழியிலேயே உள்ளது. அன்று இருபது வயதினராயிருந்தோர் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டனர்.