கலாபகோஸ் உல்லாசப் படகுச் சுற்றுலா

கலாபகோஸ் உல்லாசப் படகுச் சுற்றுலா என்பது, பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டின் மீது அமைந்துள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தைச் சிறிய உல்லாசப் படகுகளில் தங்கியபடியே சுற்றிப் பார்க்கும் பயண முறை ஆகும். இத்தீவுகள் தென்னமெரிக்க நாடான எக்குவடோருக்கு உரியவை. அந்நாட்டின் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. பயணிகள் படகிலேயே உண்டு உறங்குவர். படகு பெரும்பாலும் இரவில் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குச் செல்லும். பகலில் பயணிகள் வழிகாட்டியுடன் கரையிறங்குவர்.

தீவுகளின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு தேசியப் பூங்காவாகும். அங்கு விடுதிகள் கட்ட இயலாது. எனவே, மக்கள் வாழாத தொலைதூரத் தீவுகளைக் காண்பதற்குப் படகில் தங்கிச் செல்வதே பெரும்பாலும் ஒரே வழியாக உள்ளது.

வரலாறு

பனாமாவின் ஆயரான தொமாஸ் தே பெர்லாங்கா 1535ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பெரு நோக்கிச் சென்ற கப்பல் நீரோட்டத்தால் திசைமாறியதால் இத்தீவுகளை அடைந்தார். பின்னர் கடற்கொள்ளையரும் திமிங்கில வேட்டைக்காரரும் இவற்றைத் தங்குமிடமாகப் பயன்படுத்தினர். நீண்டநாள் உணவும் நீருமின்றி உயிர்வாழக்கூடிய பேராமைகளை அவர்கள் உணவுக்காகப் பெருமளவில் கப்பல்களில் ஏற்றிச் சென்றனர். எக்குவடோர் 1832ஆம் ஆண்டு பெப்ரவரி 12 அன்று இத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக் கொண்டது. 1835ஆம் ஆண்டு பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் ஐந்து வாரங்கள் இங்கு ஆய்வு செய்தார். நான்கு தீவுகளில் கரையிறங்கினார்.

டார்வினின் உயிரினங்களின் தோற்றம் என்னும் நூல் வெளிவந்து நூறாண்டுகள் நிறைவுற்ற 1959ஆம் ஆண்டில், குடியேற்றங்கள் நீங்கலான நிலப்பகுதிகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சாந்தா குரூஸ் தீவில் சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையம் 1964ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அக்காலத்தில் வந்த சில பயணிகளும் உள்ளூர்க் குடியேறிகளின் மீன்பிடிப் படகுகளிலேயே தீவுகளுக்கிடையே சென்று வந்தனர். 1969ஆம் ஆண்டு லினா ஆ என்னும் கப்பல் ஒழுங்கான சுற்றுலாப் பயணங்களைத் தொடங்கியது. பயணிகள் கடலில் தங்கி, பகலில் மட்டும் கரைக்கு வந்து செல்லும் முறை அப்போது நிலைபெற்றது.

1978ஆம் ஆண்டு யுனெசுக்கோவின் முதலாவது உலக பாரம்பரியக் களப் பட்டியலில் கலாபகோஸ் இடம்பெற்றது. 1998ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தியதுடன், தீவுகளைச் சூழ்ந்த 1,30,000 சதுர கிலோமீட்டருக்கும் கூடுதலான கடற்பரப்பைக் கடற்காப்பகமாகவும் ஆக்கியது. 2022ஆம் ஆண்டு சனவரியில் எர்மந்தாத் என்னும் பெயரில் மேலும் 60,000 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு காப்பகமாக்கப்பட்டது.

படகு வகைகள்

கலாபகோஸ் கடலில் இயங்கும் சுற்றுலாக் கலங்கள் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றிச் செல்ல அனுமதிக்கப்படுவதில்லை. இவற்றுள் மிகப் பல, 16 அல்லது அதனினும் குறைந்த பயணிகளைக் கொண்ட சிறு படகுகளாகும். ஒரு வழிகாட்டி அழைத்துச் செல்லக்கூடிய குழுவின் அளவு 16 பேராக வரையறுக்கப்பட்டுள்ளதால், 16 பேர் கொண்ட படகுக்கு ஒரு வழிகாட்டி போதுமானவர். குழு முழுவதும் ஒரே நேரத்தில் கரையிறங்கவும் இயலும்.

* பாய்மரப் படகுகள்: அழகிய தோற்றத்துக்காக விரும்பப்படுபவை. இவற்றுள் பல, பாய்களைக் கொண்டிருந்தாலும் நேர அட்டவணையைக் காப்பதற்காகப் பெரும்பாலும் இயந்திரத்தின் துணையுடனேயே செல்கின்றன.
* இயந்திர உல்லாசப் படகுகள்: மூன்று அல்லது நான்கு தளங்களைக் கொண்டவை. தனிக் குளியலறை, குளிரூட்டி, மேல்மாடம் ஆகியவற்றுடன் கூடிய அறைகள் உண்டு.
* கட்டமரான் எனப்படும் இரட்டையுடல் படகுகள்: அகலம் கூடியவையாதலால் குறைவாக ஆடுபவை. இப்பெயர் கட்டுமரம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகும். எனினும், இரண்டு உடல்களை இணைத்துக் கட்டும் அமைப்பு பொலினீசியப் படகுகளை ஒத்தது. தமிழ்நாட்டுக் கட்டுமரத்தினின்றும் வேறுபட்டது.
* முக்குளிப்புப் படகுகள்: ஆழ்கடல் முக்குளிப்போருக்கெனத் தனி உரிமம் பெற்றவை. வடமேற்கே தொலைவில் உள்ள டார்வின், வுல்ஃப் தீவுகளுக்கு இவை செல்கின்றன. அங்கு சுத்தியல்தலைச் சுறாக்களையும் திமிங்கிலச் சுறாக்களையும் காணலாம். டார்வின் தீவின் அருகே இருந்த புகழ்பெற்ற இயற்கைப் பாறை வளைவு 2021ஆம் ஆண்டு மே 17 அன்று இடிந்து வீழ்ந்தது.

பயண ஒழுங்கு

கீட்டோ அல்லது குவாயாகீல் நகரிலிருந்து வானூர்தி மூலம் பால்ட்ரா அல்லது சான் கிறிஸ்டோபல் தீவை அடைந்து, அங்கிருந்து பயணிகள் படகேறுவர். பால்ட்ராவின் வானூர்தித் தளம் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரால் அமைக்கப்பட்டதாகும். பயணங்கள் வழக்கமாக நான்கு, ஐந்து அல்லது எட்டு நாட்களுக்கு ஒழுங்கு செய்யப்படுகின்றன. நான்கு நாள் பயணத்தில் முதல் நாளும் இறுதி நாளும் பெரும்பாலும் வானூர்திப் போக்குவரத்திலேயே கழிந்துவிடும்.

பார்வையிடங்கள் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை மட்டுமே திறந்திருக்கும். காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் கரையிறங்குவது வழக்கம். இடையில் மூச்சுக்குழாய் அணிந்து நீந்துதல், சிறு துடுப்புப்படகு ஓட்டுதல் ஆகியன இடம்பெறும். இரவு உணவுக்கு முன் மறுநாள் காணவிருக்கும் இடத்தைப் பற்றி வழிகாட்டி விளக்குவார்.

பெரும்பாலான தீவுகளில் துறைமேடை கிடையாது. படகு நங்கூரமிட்டு நிற்க, பங்கா எனப்படும் சிறு இறப்பர் படகில் பயணிகள் கரைக்குச் செல்வர். பாறை மீதோ படிக்கட்டிலோ நேராக இறங்குவது உலர் இறக்கம் எனவும், கடற்கரையில் முழங்காலளவு நீரில் இறங்கி நடப்பது ஈர இறக்கம் எனவும் வழங்கப்படும்.

முக்கிய பார்வையிடங்கள்

* எஸ்பனோலா: அலைவரி அல்பட்ரோஸ் பறவை ஏறத்தாழ முழுமையாக இத்தீவிலேயே இனப்பெருக்கம் செய்கிறது. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இவற்றைக் காணலாம்.
* பெர்னாண்டினா: கடல் இகுவானாக்கள் கருநிற எரிமலைப் பாறைகளில் பெருங்கூட்டமாகக் குளிர்காயும் இடம். பறக்கவியலாத நீர்க்காகங்களும் இங்குள்ளன. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் இத்தீவின் எரிமலை வெடித்தது.
* இசபெலா: தீவுக்கூட்டத்தின் மிகப்பெரிய தீவு. இதன் வடமுனை நிலநடுக்கோட்டைக் கடந்து செல்வதால், வடவரைக்கோளத்தில் இயற்கையாக வாழும் ஒரே பென்குயின் இனம் இங்குள்ளது.
* ஹெனோவேசா: கடல் புகுந்த எரிமலை வாயினுள் படகுகள் நங்கூரமிடும். செங்கால் பூபிப் பறவைகள் பெருமளவில் வாழ்கின்றன.
* பர்த்தொலொமே: கூர்ங்கோபுரப் பாறைக்குப் பெயர்பெற்றது. எரிமலைச் சாம்பல் மண் அரிக்கப்படாதிருக்க, உச்சி வரை மரப்படிகள் அமைக்கப்பட்டுள்ளன.
* புளோரியானா: திமிங்கில வேட்டைக்காரர் வைத்த அஞ்சல் பீப்பாயின் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பயணிகள் தம் ஊருக்கு அண்மையிலுள்ள முகவரிகளுக்கான அஞ்சலட்டைகளை எடுத்துச் சென்று, அஞ்சல்தலையின்றி நேரில் சேர்ப்பிப்பர்.
* வட சீமோர்: பால்ட்ராவை அடுத்த சிறு தீவு. நீலக்கால் பூபிகளும் பிரிகேட் பறவைகளும் கூடுகட்டுகின்றன.

பருவநிலை

வெப்பமண்டலத்தில் அமைந்திருப்பினும், தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த அம்போல்ட் நீரோட்டத்தால் இத்தீவுகள் எதிர்பார்ப்பதை விடக் குளிர்ச்சியானவை. சனவரி முதல் மே வரை வெப்பமும் இடையிடையே மழையும் நிலவும். கடல் அமைதியாக இருக்கும். சூன் முதல் நவம்பர் வரை காருவா எனப்படும் மென்தூறலும் காற்றும் காணப்படும். இக்காலத்தில், குறிப்பாக ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அலை கூடுவதால் சிறு படகுகளில் செல்வோருக்குக் கடல்நோய் ஏற்படுவதுண்டு. ஆனால் குளிர்நீர் கொண்டுவரும் சத்துக்களால் கடலில் உணவு பெருகுவதும் இப்பருவத்திலேயே ஆகும்.

எல் நீனோ ஆண்டுகளில் நீர் வெப்பமடைந்து இவ்வுணவுச் சங்கிலி அறுபடுகிறது. 1982–83, 1997–98 எல் நீனோக்களின்போது பென்குயின்களும் கடல் இகுவானாக்களும் பெரும் எண்ணிக்கையில் மடிந்தன.

விதிமுறைகள்

பூங்காவின் பார்வையிடங்களில் உரிமம் பெற்ற இயற்கை வழிகாட்டியின் துணையுடனேயே பயணிகள் நடமாடலாம். குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகலாகாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். அவற்றைத் தொடுவதும் உணவளிப்பதும் ஒளிர்விளக்கிட்டு ஒளிப்படம் எடுப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. மனிதரைக் கண்டு அஞ்சாத கடற்சிங்கக் குட்டிகள் தாமே அருகில் வருவதுண்டு. அப்போது விலகிச் செல்ல வேண்டியவர் பயணியே. கல், சிப்பி, மணல் உட்பட எதனையும் எடுத்துச் செல்லக்கூடாது.

ஒவ்வொரு படகும் செல்லும் தடத்தைப் பூங்கா நிருவாகமே நிர்ணயிக்கின்றது. 2012ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த முறைப்படி, ஒரு படகு 14 நாட்களுக்குள் ஒரே பார்வையிடத்துக்கு இரண்டாம் முறை செல்ல இயலாது. இதனால் பயணிகள் கூட்டம் சில இடங்களில் மட்டும் குவியாமல் பரவலாக்கப்படுகின்றது. மாறாக, ஒருவர் விரும்பும் தீவுகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் காண்பதும் அரிதாயிற்று.

நீண்டகாலம் 100 அமெரிக்க டாலராக இருந்த வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம், 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் 200 டாலராக உயர்த்தப்பட்டது. இதன் ஒரு பகுதி பூங்காவின் பராமரிப்புக்குச் செல்கின்றது.

ஜெசிக்கா விபத்து

2001ஆம் ஆண்டு சனவரி 16 அன்று ஜெசிக்கா என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவின் துறைமுக வாயிலில் தரைதட்டியது. அதிலிருந்த சுமார் 2,40,000 கேலன் எரிபொருளில் ஏறத்தாழ 1,80,000 கேலன் கடலில் கலந்தது. எரிபொருளின் ஒரு பகுதி டீசல். மற்றொரு பகுதி, சுற்றுலாக் கப்பல் ஒன்றுக்காகக் கொண்டுவரப்பட்ட கனரக எண்ணெய். எனவே இவ்விபத்து தீவுச் சுற்றுலாவுடன் நேரடித் தொடர்புடையதாகக் கருதப்படுகின்றது.

காற்றும் நீரோட்டமும் எண்ணெயைத் திறந்த கடலை நோக்கிக் கொண்டு சென்றதால் உடனடி உயிரிழப்புகள் குறைவாகவே இருந்தன. பேரழிவு தவிர்க்கப்பட்டது என்றே பலரும் கருதினர். ஆனால் சாந்தா ஃபே தீவில் கடல் இகுவானாக்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த அறிவியலாளர்கள், அடுத்த ஓராண்டில் அங்கிருந்தவற்றுள் 62 விழுக்காடு இறந்துவிட்டதை 2002ஆம் ஆண்டு வெளியிட்டனர். எண்ணெய் படாத ஹெனோவேசாவில் இத்தகைய இழப்பு நேரவில்லை. கடற்பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்கள், எஞ்சிய சிறிதளவு எண்ணெயால் அழிந்து, விலங்குகள் உண்டும் பட்டினியால் இறந்திருக்கலாம் என்பது அவர்களின் விளக்கம் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத அளவிலான மாசும் தீங்கு விளைவிக்கலாம் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

அயல் உயிரினங்களின் பரவல்

தீவுகளின் உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று தனித்து வளர்ந்தவை. ஒரே இரவில் ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் படகு, கடலாகிய அத்தடையைக் கடந்துவிடுகின்றது. காலணி மண்ணில் ஒட்டிய விதைகள், இரவு விளக்கொளியால் ஈர்க்கப்பட்டு ஏறிக்கொள்ளும் பூச்சிகள், படகின் அடிப்புறத்தில் பற்றிக்கொள்ளும் கடலுயிரிகள் ஆகியன இவ்வாறு பரவக்கூடும். ஆகவே கரையிலிருந்து திரும்பும் பயணிகளின் கால்களும் காலணிகளும் கழுவப்படுகின்றன. வானூர்தி நிலையங்களில் பயணப் பொதிகள் சோதிக்கப்படுகின்றன. படகுகளின் அடிப்புறமும் ஆய்வுக்கு உள்ளாகின்றது. இப்பணிகளைக் கவனிக்கும் உயிர்ப்பாதுகாப்பு முகமை 2012ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது.

அயல் உயிரினங்கள், கட்டுப்பாடற்ற சுற்றுலா, மிகைமீன்பிடிப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி, 2007ஆம் ஆண்டு யுனெசுக்கோ கலாபகோஸை இடருக்குள்ளான களங்களின் பட்டியலில் சேர்த்தது. 2010ஆம் ஆண்டு அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பொருளாதாரம்

மக்கள் வாழும் தீவுகளில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 28,000க்கும் மேற்பட்டோர் வசிக்கின்றனர். இவர்களின் வாழ்வாதாரம் பெரிதும் சுற்றுலாவையே சார்ந்துள்ளது. 2019ஆம் ஆண்டு சுமார் 2,71,000 பேர் தீவுகளுக்கு வருகை தந்தனர். கோவிட் பெருந்தொற்றுக் காலமான 2020இல் இது சுமார் 72,000 ஆகக் குறைந்தது. அவ்வாண்டில் படகுகள் மாதக்கணக்கில் நங்கூரமிட்டு நின்றன. பூங்காவின் நுழைவுக் கட்டண வருவாயும் வீழ்ந்தது. 2023இல் வருகை 3,29,000ஐக் கடந்தது.

படகுகளின் பயணி இடங்களுக்கு உச்சவரம்பு உள்ளதால், வருகையில் ஏற்பட்ட பெருக்கம் பெரும்பாலும் நிலத்தில் தங்குவோரின் எண்ணிக்கையிலேயே நிகழ்ந்துள்ளது. முற்காலத்தில் பெரும்பான்மையினர் படகில் தங்கினர். இப்போது விடுதிகளில் தங்கி நாட்பயணமாகத் தீவுகளைக் காண்போரே மிகுதி. படகுப் பயணம் செலவு மிக்கது. அதன் வருவாயில் ஒரு பகுதி தீவுகளுக்கு வெளியே சென்றுவிடுகின்றது என்பது உள்ளூர் மக்களின் குறையாகும். விடுதிச் சுற்றுலா உள்ளூர்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன் தந்தாலும், நன்னீர், கழிவகற்றல், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றின் சுமையைக் கூட்டுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையே தீவுகளின் நிருவாகத்தில் தொடர்ந்து விவாதிக்கப்படும் பொருளாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* கலாபகோஸ் தீவுகள்
* எக்குவடோர்
* சார்லஸ் டார்வின்
* கடல் இகுவானா
* கட்டுமரம்
* சூழலியற் சுற்றுலா