அரங்கேற்றம் முதல் வெளியீட்டு விழா வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. மாலைத் தேநீரோடு உட்கார்ந்து படியுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

போன வாரம் பழைய மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்தார். தபால் துறையில் வேலை. தம் கிராமத்து ஏரியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். எந்த மதகில் எந்த வருஷம் உடைப்பு எடுத்தது, கரையைக் காவல் காத்தவர்கள் யார், வாய்க்கால் எப்படித் தூர்ந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் ஆறு வருஷம் கேட்டுக் கேட்டு எழுதியது. பதிப்பகம் எதுவும் எடுக்கவில்லை. சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

"ஐயா, கல்யாண மண்டபம் பேசிட்டேன். சாப்பாடு, பேனர், சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் சேர்த்து 60,000 ஆகும்னு சொல்றாங்க. நகையை வச்சிடலாம்னு இருக்கேன். நீங்க வாழ்த்துரை தரணும்" என்றார்.

நகை என்றதும் எனக்குப் பகீரென்றது. "அவசரப்படாதேம்மா, ஒரு வாரம் பொறு" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நூல் வெளியீடு என்பது நம்மிடையே எப்படித் தொடங்கி எப்படி மாறி வந்தது என்று பார்த்தால், அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

அச்சு வருவதற்கு முன் நம்மிடம் இருந்தது அரங்கேற்றம். வகுப்பில் தொல்காப்பியப் பாயிரம் நடத்தியது நினைவிருக்கிறதா? நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க, தொல்காப்பியர் தம் நூலை எடுத்துரைத்தார் என்று பனம்பாரனார் சொல்கிறார். இதில் கவனிக்க வேண்டியவர் அதங்கோட்டாசான். அவர் வாழ்த்துரை வழங்க வந்தவர் அல்லர். குற்றம் இருக்கிறதா என்று கேட்டு ஆராய வந்தவர். பாட்டி காலத்தில் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு துருவிக் கேட்டிருக்க மாட்டார்கள்!

சேக்கிழாரின் பெரியபுராணம் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில், ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு ஆண்டு சித்திரைத் திருவாதிரை வரை அரங்கேறியது என்று மரபு சொல்கிறது. கம்பருக்குத் திருவரங்கம், கச்சியப்பருக்குக் காஞ்சிக் குமரகோட்டம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்கள் பாடி அரங்கேற்றும்போது, மாணவர் ஒருவர் செய்யுளைப் படிக்க, பிள்ளையவர்கள் பொருள் சொல்லுவார். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். கேட்கிறவர்களில் ஊர்க்காரர்களும் புலவர்களும் இருப்பார்கள். தலபுராணத்தில் சொல்லியிருக்கும் கோயிலும் குளமும் அந்த ஊர்க்காரர்களுடையவை. தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். முடிவு நாளில்தான் மரியாதையும் ஊர்வலமும். முதலில் கேட்டார்கள், பிறகு கொண்டாடினார்கள்.

பிறகு அச்சு வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாக நமக்குக் கிடைப்பது தம்பிரான் வணக்கம். 1578இல் கொல்லத்தில் அச்சிட்டது. ஆனால் வெகுகாலம் அச்சகம் பாதிரிமார்களிடமும் அரசாங்கத்திடமும்தான் இருந்தது. 1835இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகுதான் நம்மவர்களின் அச்சுக்கூடங்கள் பெருகின. ஏடு எழுதக் கூலி போதும். அச்சுக்கோ காகிதம், எழுத்துக் கோப்பு, மை, கட்டுமானம் எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். ராஜாவும் ஜமீனும் தராவிட்டால் யார் தருவது? அதற்குத் தோன்றிய வழிதான் கையொப்பம். புத்தகம் வருவதற்கு முன்பே, இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறோம் என்று ஆதரவாளர்கள் கையெழுத்திடுவார்கள். பலர் பணமும் முன்னதாகத் தருவார்கள்.

உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது அப்படித்தான். அவரும் நம்மைப் போல ஒரு வாத்தியார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டில், அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார்தான் அவரைச் சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர். ஏடுகளை ஒப்பிட்டு, சந்தேகங்களைத் தீர்த்து, சென்னை திராவிட ரத்னாகர அச்சுக்கூடத்தில் கொடுத்தார். விடுமுறையில் சென்னைக்குப் போய்ப் புரூஃப் பார்ப்பார். மற்ற நாளில் தபாலில் வரும். கையொப்பப் பணம் வருவதும் தாமதிப்பதுமாக இருக்கும். குறை சொல்லித் துண்டுப் பிரசுரம் போட்டவர்களும் உண்டு. 1887இல் நூல் முடிந்தபோது அவருக்கு வயது 32. கையொப்பமிட்டவர்களின் வீட்டுக்கு நூல் போய்ச் சேர்ந்ததே அந்தக் காலத்து வெளியீட்டு விழா!

நம் ஊருக்கு வருவோம். அருணாசல புராணம் பாடிய எல்லப்ப நாவலர் நமக்கு உரியவர். அருணகிரிநாதரைச் சொல்லவே வேண்டாம். கம்பத்திளையனார் சந்நிதியைக் கடக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். ஆனால் அவருடைய திருப்புகழ்ப் பாடல்கள் ஏடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர் வ.த.சுப்பிரமணிய பிள்ளை. நீதித்துறையில் முன்சீபாக இருந்தவர். அலுவல் போக மிஞ்சிய நேரத்தில் தேடிய தேட்டம் அது. முதல் தொகுதி 1894இல் வெளிவந்தது. அவருக்குப் பின் மகன் செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தொடர்ந்தார். நம் கோபுரத்தடியில் பிறந்த பாட்டு, ஓர் உத்தியோகஸ்தரின் தனி முயற்சியால்தான் நம் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது. தபால் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே ஏரிக்கதை சேர்த்த என் மாணவி அந்த வரிசையில் வருகிறவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாரதியார் கதை வேறு மாதிரி. 1907இல் வி.கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் பாரதிக்கு எதிர்க்கட்சியாக இருந்தும், பாட்டைக் கேட்டு உருகி, 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். 1920இல் கடையத்திலிருந்து பாரதியே ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது. அதற்கு அன்பர்கள் கடனாகப் பணம் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் போய்விட்டார். இலவசமாகக் கொடுத்தால் கை நீட்டிய ஊர், முன்பணம் கேட்டபோது கையை மடக்கிக்கொண்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொருவர் சி.சு.செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'வாடிவாசல்' வந்தது. புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக நேரில் போய் விற்றார். 1997இல், 85 வயதில், 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு மறைந்தார். சாகித்திய அகாதெமி விருது 2001இல்தான் வந்தது. மேடையும் மாலையும் இல்லாமலே அந்தப் புத்தகங்கள் இன்றும் நிற்கின்றன.

இப்போது என் சொந்தக் கதை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். 1990களில் நானும் ஒரு கட்டுரை நூல் போட்டேன், 1,000 பிரதிகள். ஒரு மண்டபத்தில் விழா. 11 பேர் பேசினார்கள். தலைமை தாங்கியவர் என் பெயரையே மாற்றிச் சொன்னார். நூலைப் படித்தவர் மேடையில் ஒருவரும் இல்லை. எனக்கு 23 சால்வை விழுந்தது. வந்தவர்களுக்குப் பிரதியை மரியாதைக்காகச் சும்மா கொடுத்தேன். சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது என்றார்கள். மிச்சக் கட்டுகளைப் பரணில் போட்டேன், கரையான் படித்து முடித்தது. கூட்டுறவுக் கடனை அடைக்க நாலு வருஷம் ஆயிற்று. உங்கள் அம்மா, அதாவது என் வீட்டம்மா, இன்றைக்கும் புத்தகம் என்றாலே என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

தப்பு விழாவில் இல்லை. அரங்கேற்றத்தில் கேள்வி இருந்தது, கையொப்பத்தில் வாசகர் இருந்தார். நான் இரண்டையும் விட்டுவிட்டு ஊர்வலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அதனால் அந்த மாணவியைக் கூப்பிட்டு இப்படிச் சொன்னேன்.

ஒன்று, மண்டபம் வேண்டாம். உன் ஏரிக்கரையில் ஆலமரம் இருக்கிறது, ஒலிபெருக்கி ஒன்று போதும். உனக்குக் கதை சொன்ன பெரியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள்தான் உன் அதங்கோட்டாசான். அச்சகத்தில் சொல்லி வேலையைப் பத்து நாள் நிறுத்திவை. முதலில் அவர்கள் முன்னால் படித்துக் காட்டு. மதகின் பெயரோ வருஷமோ தப்பாக இருந்தால் அவர்கள் சொல்லட்டும், திருத்திய பிறகு அச்சிடலாம்.

இரண்டு, பௌர்ணமியிலும் தீபத் திருவிழா நாள்களிலும் வைக்காதே. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், வெளியூர் நண்பர்கள் உன்னிடம் வந்து சேரமாட்டார்கள்.

மூன்று, பேசுகிறவர்கள் மூன்று பேர் போதும். மூவரும் முழுதாகப் படித்திருக்க வேண்டும். ஒருவர் குறை சொல்ல வேண்டும். சால்வைக்குப் பதில் ஆளுக்கு ஒரு பிரதி விலை கொடுத்து வாங்கட்டும். சுண்டலும் காபியும் போதும்.

நான்கு, ஐ.எஸ்.பி.என். எண் நம் நாட்டில் இலவசமாகவே கிடைக்கும், விண்ணப்பித்து வாங்கிவிடு. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். உன் ஆபீசிலிருந்தே அனுப்பலாம்! ஏரி தூர்ந்துபோனாலும் கன்னிமாராவில் அது தண்ணீரோடு இருக்கும்.

கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஐயா, அந்தப் பெரியவங்கள்ல ரெண்டு பேரு போன மழையில தவறிட்டாங்க. மிச்சம் அஞ்சு பேருதான். சீக்கிரம் வைக்கணும்" என்றார். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அன்றைக்கே அச்சகத்துக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். நகை பீரோவில்தான் இருக்கிறது.

இனி வேண்டுகோள். பழைய கையொப்ப முறையை நாம் மறுபடி தொடங்குவோம். கீழே கருத்துப் பகுதியில் உங்கள் பெயரும் எத்தனை பிரதி என்பதும் எழுதுங்கள். விலை 150 ரூபாய். அன்பளிப்பாக யாரும் கேட்க வேண்டாம், உறவினர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெயர் தந்தவர்களின் பட்டியல் நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும். முதல் பெயர் என்னுடையது, 5 பிரதிகள். இந்த முறை வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் பங்குக்கு 2 பிரதிகள் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

நாள் குறித்ததும் தெரிவிக்கிறேன். வரும்போது படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல முடியாது, கேட்டுவிட்டுப் போக வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழையா,
திருவண்ணாமலை