மழைக்கோட்டும் உரச்சாக்குக் கொங்காணியும்



பழைய கோட்டை வீட்டிலேயே மழைக்கோட்டாக மாற்ற முடியுமா என்று பேத்தி கேட்டாள். ஓரளவு முடியும். அதன் வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

துணியில் மழைநீர் புகாமல் தடுக்க இரண்டு வழிகள். ஒன்று, இழைகளுக்கு நடுவே உள்ள துளைகளை அடைப்பது. மற்றொன்று, இழையில் நீர் ஒட்டாமல் செய்வது.

கப்பலோட்டிகள் முதல் வழியில் போனார்கள். துணியில் தாரும் ஆளிவிதை எண்ணெயும் பூசினார்கள். நாம் சொல்லும் தார்ப்பாயின் பெயரில் அந்தத் தார் இன்னும் இருக்கிறது. 1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிக் காப்புரிமை பெற்றார். அந்தக் கோட் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் முறைக்கு அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

இரண்டாம் வழி நம் ஆடு மேய்ப்பவர்களின் கம்பளியில் இருக்கிறது. செம்மறி ரோமத்தில் இயற்கையாக உள்ள கொழுப்பு, தூறலை உருட்டி விட்டுவிடும். பேத்திக்கு நான் சொன்னதும் இந்த வழிதான். துணியைப் பார் சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்து உலர்த்த வேண்டும். பிறகு படிகாரக் கரைசலில் முக்கி மறுபடி உலர்த்த வேண்டும். சோப்பும் படிகாரமும் சேர்ந்து, நீரில் கரையாத அலுமினிய சோப்பாக இழையில் படியும். தூறலுக்குத் தாங்கும், ஐப்பசி அடைமழைக்குத் தாங்காது. சலவைத்தூள் போட்டுத் துவைத்தால் பலன் குறைந்துவிடும். முதலில் ஒரு துண்டுத் துணியில் செய்து பாருங்கள்.

மெக்கின்டாஷின் பெயர் ஆங்கிலத்தில் மழைக்கோட்டுக்கே பெயராகிவிட்டது. நம் ஊரில் சணல் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்து நாற்று நட்டவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நனைந்த சாக்கு கனக்கும். அந்தக் கனத்தோடுதான் குனிந்து நட்டார்கள். பிளாஸ்டிக் உரச்சாக்கு வந்த பிறகுதான் அந்தச் சுமை குறைந்தது.

உங்களில் சிலர் உரச்சாக்குக் கொங்காணியோடுதான் என் வகுப்புக்கு வந்தீர்கள். வாசலிலேயே அதைச் சுருட்டி ஒளித்து வைத்ததையும் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை, கண்ணுகளா. நீர் புகாத ஒரு படலத்துக்கு அடியில் உடம்பைக் காப்பதுதான் மெக்கின்டாஷ் செய்ததும். உங்கள் பிள்ளைகளுக்கு மழைக்கோட் வாங்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.