பேருந்து எப்போது வரும்? பதில் தேடிய மக்களின் வரலாறு

பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் மனத்தில் ஒரே கேள்விதான். பேருந்து எப்போது வரும்? பதில் தெரிந்துவிட்டால் பத்து நிமிடம் காத்திருப்பது பாரமாகத் தெரியாது. தெரியாதபோதோ அதே பத்து நிமிடம் அரை மணி நேரமாக நீள்கிறது. தாமதமாகப் போனால் சம்பளம் பிடிக்கப்படும் தொழிலாளிக்கும், குறித்த நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டிய முதியவருக்கும் இது வெறும் சலிப்பு அல்ல. அன்றாட வாழ்க்கைப் பிரச்சினை.

அந்தப் பதில் நெடுங்காலம் போக்குவரத்து நிறுவனங்களின் கணினிகளுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. அது பொதுமக்களின் கைக்கு வந்த வரலாற்றுக்கு இருபது ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான வயதுதான்.

போர்ட்லண்டில் தொடக்கம்

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பேருந்துகளையும் இலகு இரயில்களையும் நடத்துவது டிரைமெட் என்ற பொது நிறுவனம். அதன் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றிய பிபியானா மெக்ஹியூ, வெளியூர்ப் பயணங்களில் ஒன்றைக் கவனித்தார். கார் ஓட்டுபவருக்கு இணையத்தில் சுலபமாக வழி கிடைக்கிறது. பேருந்தில் போகிறவருக்கு அப்படிக் கிடைப்பதில்லை. அவர் கூகுள் நிறுவனத்தை அணுகினார். அங்கே கிறிஸ் ஹாரல்சன் என்ற பொறியாளர் ஏற்கெனவே இதே எண்ணத்தில் முயன்று கொண்டிருந்தார். இருவரின் முயற்சியும் சேர்ந்து, 2005 டிசம்பரில் போர்ட்லண்ட் பயணிகளுக்கான இணைய வழிகாட்டி வெளிவந்தது.

அதைவிட முக்கியமானது, அந்த முயற்சியில் உருவான பொது வடிவம். நிறுத்தங்களுக்கு ஒரு பட்டியல், தடங்களுக்கு ஒரு பட்டியல், எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு ஒரு பட்டியல் என்று மிக எளிமையாக அமைந்த அதன் பெயர் ஜி.டி.எஃப்.எஸ். தொடக்கத்தில் கூகுளைக் குறித்த அந்த ‘ஜி’ என்ற எழுத்து, பின்னர் ‘பொதுவான’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லுக்கு உரியதாக மாற்றப்பட்டது. இன்று உலகெங்கும் பல நகரங்கள் இந்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

எல்லா ஊரிலும் கதவு உடனே திறந்துவிடவில்லை. 2009இல் நியூயார்க்கில், புறநகர் இரயில் நேரங்களைக் கைத்தொலைபேசியில் காட்டும் செயலி ஒன்றை ஒருவர் உருவாக்கினார். நேர அட்டவணை தனக்கே சொந்தம் என்று போக்குவரத்து ஆணையம் உரிமை கோரியது. உரிமத் தொகையும் கேட்டது. மக்கள் வரிப்பணத்திலும் பயணக் கட்டணத்திலும் ஓடும் இரயிலின் நேரம் யாருடைய சொத்து என்ற கேள்வி எழுந்தது. கண்டனங்களுக்குப் பிறகு, 2010 ஜனவரியில் ஆணையம் தன் தகவல்களைப் பொதுவில் வெளியிட்டது.

பாஸ்டன் நகரம் வேறு வழியில் சென்றது. 2009 நவம்பரில், ஐந்து தடங்களில் ஓடும் பேருந்துகள் அந்த நொடியில் எங்கே இருக்கின்றன என்ற தகவலை யாரும் எடுத்துக் கொள்ளலாம் என்று அறிவித்தது. ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் அதை வரைபடத்தில் காட்டிவிட்டார். அடுத்தடுத்த வாரங்களில் பல செயலிகள் வந்தன. அவற்றை உருவாக்க நிறுவனம் தன் பணத்தைச் செலவிடவில்லை.

இத்தகைய அனுபவங்கள், ‘ஹேக்கத்தான்’ எனப்படும் கூட்டு முயற்சிக்குப் பொதுப் போக்குவரத்தில் இடம் தேடித் தந்தன. நிரல் எழுதுவோர், வடிவமைப்பாளர்கள், பயணிகள் எல்லாரும் ஒரு வார இறுதியில் ஒரே கூரையின் கீழ்க் கூடி, திறந்த தரவுகளை வைத்துக் கொண்டு ஒரு சிக்கலுக்குத் தீர்வு தேடுவதே அது.

தகவலே இல்லாத நகரங்கள்

தகவல் பூட்டிக் கிடந்தால் திறக்கச் சொல்லலாம். தகவலே இல்லாவிட்டால்? கென்யாவின் நைரோபியில் மக்கள் பெரிதும் நம்பியிருப்பது ‘மட்டாட்டு’ எனப்படும் தனியார் சிற்றுந்துகளை. அவற்றுக்கு முழுமையான வரைபடம் இருந்ததில்லை. 2012இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள் கைத்தொலைபேசியுடன் அந்தச் சிற்றுந்துகளில் ஏறி, தடம் தடமாகப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி., கொலம்பியா பல்கலைக்கழகங்களும் துணை நின்றன. நிலையான நேர அட்டவணை இல்லாத வண்டிகளுக்கு ஏற்றபடி போர்ட்லண்டில் பிறந்த வடிவத்தையும் வளைத்துக் கொண்டார்கள். 2014 ஜனவரியில் 130க்கும் மேற்பட்ட தடங்களைக் காட்டும் வரைபடம் இலவசமாக வெளியானது. நகர நிர்வாகமே பின்னர் அதை அதிகாரபூர்வ வரைபடமாக ஏற்றுக் கொண்டது.

மெக்சிகோ தலைநகரம் இதையே ஒரு விளையாட்டாக்கியது. 2016இன் தொடக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு நடந்த ‘மாப்பத்தோன்’ போட்டியில், பொதுமக்கள் சிற்றுந்துகளில் பயணம் செய்து செயலியில் தடத்தைப் பதிவு செய்தால் புள்ளிகளும் பரிசுகளும் கிடைத்தன. ஆயிரக்கணக்கானோர் பங்கு பெற்றார்கள். திரட்டிய தகவல் எல்லாருக்கும் பொதுவாக்கப்பட்டது. ஆனால், போட்டியை முன்னின்று நடத்திய நகர அரசின் ஆய்வுக்கூடம் 2018இல் நிர்வாகம் மாறியபோது மூடப்பட்டது. தடங்கள் மாறிக் கொண்டே இருக்கும். வரைபடத்தைப் புதுப்பிக்க ஆள் இல்லாவிட்டால் அது பழங்கதையாகிவிடும். வார இறுதி உற்சாகத்தால் தொடங்கி வைக்க முடியும். கட்டிக்காக்க நிலையான பொறுப்பு வேண்டும்.

மனக்குறை சான்றாகும்போது

சிங்கப்பூரின் தரைப் போக்குவரத்து ஆணையம் 2011 முதல் தன் தரவுகளைப் பொதுவில் வழங்கி வருகிறது. பேருந்து வரும் நேரத்தைச் சொல்லும் பல செயலிகள் அதன் பயனே. மலேசியாவிலும் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கே.டி.எம்., பிரசரானா சேவைகளின் அட்டவணைகளையும், ஓடும் வண்டிகளின் இருப்பிடத்தையும் யாரும் கட்டணமின்றிப் பெறலாம்.

தரவு மட்டும் பேருந்தை ஓட்டிவிடாது என்பது உண்மைதான். வண்டியும் ஓட்டுநரும் பற்றாக்குறையாக இருக்கும் இடத்தில், அழகான செயலி தாமதத்தை அழகாகக் காட்டும், அவ்வளவே. ஆயினும் அப்படிக் காட்டுவதற்கும் ஒரு வலிமை உண்டு. ஒரு காலத்தில் அட்டவணைக்கு உரிமை கோரிய அதே நியூயார்க்கில், 2016இல் பயணிகள் அமைப்புகள் ஆணையத்தின் திறந்த தரவைக் கொண்டே ஒவ்வொரு பேருந்துத் தடத்துக்கும் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை போல மதிப்பெண் போட்டு வெளியிட்டன. 2018இல் பேருந்துச் சேவையைச் சீரமைக்கும் திட்டத்தை ஆணையம் அறிவித்தது.

‘பேருந்து எப்போதும் தாமதம்’ என்று முணுமுணுத்தால் அது மனக்குறை. எந்தத் தடத்தில், எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று காட்டினால் அது சான்று. மனக்குறையைக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடலாம். சான்றுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.