புலி தானே எடுத்துக்கொண்ட படம்

1925 அக்டோபரில் 'தி இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழின் முகப்பில் ஒரு புலியின் படம் வெளிவந்தது. அதுவரை ஐரோப்பிய வாசகர்கள் கண்டிருந்த இந்தியப் புலி பெரும்பாலும் செத்துக் கிடந்த புலிதான். அதன்மேல் துரை ஒருவர் காலை ஊன்றி நிற்பார். முகப்பில் வந்த புலியோ உயிருடன், இரவில், தன் போக்கில் தன் காட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தது.

படத்தை எடுத்தவர் எஃப். டபிள்யூ. சாம்பியன், ஐக்கிய மாகாணத்தின் வன அதிகாரி. அவர் எடுத்தார் என்பதும் முழுச் சரியன்று. பாதையின் குறுக்கே அவர் கட்டியிருந்த மெல்லிய கம்பியில் புலி இடறியதும் ஷட்டர் திறந்தது, மருந்து பற்றியது. அந்நேரத்தில் காமிராவின் அருகே மனிதர் எவரும் இல்லை.

இம்முறைக்கு முன்னோடி அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ். மிஷிகன் மாநிலத்து ஏரிகளில் இரவில் படகு செலுத்தி, மான்களை மின்னொளியில் பிடித்தவர். அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. காட்டில் கம்பியைக் கட்டி விலங்கையே படமெடுக்கச் செய்யும் உத்தியும் அவருடையதே. ஆயினும் அமெரிக்க ஏரிக்கரைக்கு ஒத்துவந்த ஏற்பாட்டைச் சிவாலிக் அடிவாரத்துச் சால் காடுகளில் அப்படியே நிறுத்திவிட முடியாது.

சிக்கலின் மையம் காமிரா அன்று, ஒளி. 1887இல் ஜெர்மனியில் உருவான மின்னொளி மருந்து, மக்னீசியத் தூளுடன் ஆக்சிஜன் தரும் உப்பைக் கலந்தது. பற்ற வைத்தால் பளிச்சென எரிந்து வெண்புகையைக் கக்கும். அதை லென்ஸுக்கு அருகில் வைத்தால் புகை லென்ஸை மறைக்கும், தீப்பொறி கருவியில் விழும். புகையே இல்லாவிட்டாலும் லென்ஸின் நேர்க்கோட்டிலிருந்து பாயும் ஒளியில் விலங்கின் கண்கள் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். உடல் தட்டையாகத் தெரியும். தோளின் திரட்சியும் விலாவின் வளைவும் படத்தில் தெரிய வேண்டுமானால் ஒளி பக்கவாட்டிலிருந்து, சற்று உயரத்திலிருந்து விழ வேண்டும். ஆகவே ஒளித்தட்டைக் காமிராவிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியாக வேண்டும். காமிராவை ஓரிடத்தில் மறைத்து, ஒளித்தட்டை வேறோரிடத்தில் உயர்த்தி, இரண்டையும் ஒரே கம்பியின் இழுவைக்குக் கட்டுப்படுத்துவதில்தான் கைவேலை முழுவதும் இருந்தது.

கடைச்சரக்கு எதுவும் இதற்கு முழுமையாக உதவாது. பனி இறங்கினால் மருந்து நமத்துப்போகும். கம்பி உயரமாக இருந்தால் சிறு விலங்குகள் அடியில் நுழைந்து போய்விடும். தாழ்வாக இருந்தால் முள்ளம்பன்றிகூட இடறிவிடும். ஒரு தட்டு மருந்துக்கு ஒரே படம். புலிக்கு முன் வேறு ஏதேனும் வந்து இடறிவிட்டால் அன்றைய இரவு அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காட்டுத்தீயைத் தடுப்பதையே கடமையாகக் கொண்ட ஓர் அதிகாரி, சருகு நிறைந்த பாதையோரத்தில் தீப்பற்றும் மருந்தை வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். நிம்மதியான தூக்கமாக இருந்திருக்காது!

தமிழில் 'பொறி' என்னும் ஒரே சொல் இயந்திரத்தையும், விலங்கைப் பிடிக்கும் கண்ணியையும், நெருப்புத் துகளையும் குறிக்கும். சாம்பியனின் ஏற்பாடு இம்மூன்றும் சேர்ந்தது. ஆங்கிலச் சொல்லை ஒட்டி 'காமிராப் பொறி' என்று எழுதுகிறோம்; வெறும் 'பொறி' என்றாலே போதும் போலிருக்கிறது.

சாம்பியனின் முதல் நூல் 1927இலும் அடுத்தது 1934இலும் வெளிவந்தன. ஜிம் கார்பெட் துப்பாக்கியிலிருந்து காமிராவுக்கு மாறியதில் அவருக்குப் பங்குண்டு. (கைவேலை மரபைப் பேசும்போது சென்னையின் மா. கிருஷ்ணனையும் நினைக்க வேண்டும். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே அமைத்த காமிராவுக்கு அவர் 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்திருந்தார்.) ஆனால் சாம்பியனின் பெரும் பங்களிப்பு அழகிய படங்கள் அல்ல. பக்கவாட்டு ஒளியில் வரிகள் துல்லியமாகப் பதிந்தமையால், வரிகளைக் கொண்டே ஒரு புலியை மற்றொன்றிலிருந்து பிரித்தறியலாம் என்று அவர் கண்டார்.

அக்கண்டுபிடிப்பு நெடுங்காலம் பயன்படுத்தப்படாமலே கிடந்தது. இந்தியா 1960களிலிருந்து காலடித் தடங்களைக் கொண்டு புலிகளை எண்ணியது. தடத்தைப் படியெடுப்பவரின் கையும் மண்ணின் தன்மையும் எண்ணிக்கையை மாற்றிவிடும் என்ற எச்சரிக்கை எடுபடவில்லை. சரிஸ்காவில் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது 2005இல் தெரியவந்த பிறகே அம்முறை கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், உல்லாஸ் காரந்த் நாகரஹொளேயில் தானியங்கிக் காமிராக்களை நிறுத்தி, வரிகளைக் கொண்டு புலிகளைப் பிரித்தறிந்து, புள்ளியியல் முறைப்படி அவற்றின் எண்ணிக்கையை மதிப்பிட்டிருந்தார். அவ்வாய்வு 1995இல் வெளியானது.

மருந்தின் இடத்தில் மின்னணு ஃபிளாஷ் வந்துவிட்டது. கம்பியின் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நிறுத்தும் வேலை மட்டும் இன்றும் கைவேலையாகவே இருக்கிறது. புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றல்ல. எனவே பாதையின் இருபுறமும் ஒவ்வொரு காமிரா தேவை. யானை பிடுங்காமலும் திருடர் கழற்றாமலும் இருக்க இரும்புக் கூடு, அதை மரத்தோடு பிணைக்கச் சங்கிலி, மரம் இல்லாத இடத்தில் மண்ணில் அறைந்த முளை. இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஒளி மற்றதன் லென்ஸில் பாய்ந்து படத்தைக் கெடுக்கும் என்பதால், களப்பணியாளர் ஒன்றைச் சற்றே விலக்கிக் கட்டுகிறார். பிறகு தானே குனிந்து, புலியைப் போல நான்கு கால்களில் அதன் முன்னே நடந்து பார்க்கிறார்.