புறஞ்சேரி வாழ்வும் நகர் வாழ்வும்: சென்னையின் மேற்கெல்லை காட்டும் வரலாறு

ஊர், சேரி, பாடி, பாக்கம், பட்டினம், நகர் என மக்கள் வாழும் இடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் பேசும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. சிற்றூரே அமைதி என்பாரும் நகரமே வாழ்வு என்பாரும் எக்காலத்தும் இருந்துள்ளனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட புறநகரைத் தம் விருப்பம் எனக் கூறுவோர் மட்டும் அரியர். ஊரைத் துறந்தவர்கள் நகரை எட்டும்வரை தங்கியிருக்கும் இடமாகவே அது கருதப்பட்டு வருகின்றது. சென்னையின் மேற்கெல்லையில் உள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தின் வரலாறு இக்கருத்துக்கு மாறானது. பெருநகரின் அருகில் இருந்துகொண்டே அதற்கு அடங்காத தன்மதிப்போடு வாழ்ந்த நிலம் இது என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

இலக்கியத்தில் புறஞ்சேரி

புறநகர் என்பது இருப்புப் பாதையோடு வந்த புதுமை என எண்ணுதல் பொருந்தாது. சிலப்பதிகாரத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு காதை உண்டு. மதுரையின் மதிற்புறத்தே, அறவோர் வாழும் சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டுக் கோவலன் நகரைக் காணச் செல்கின்றான். பின்னர் இருவரும் ஆயர்குல மாதரியின் அடைக்கலம் பெறுகின்றனர். அங்கே கண்ணகி தன் கையால் சமைத்த உணவை உண்டு, சிலம்பு விற்கச் சென்ற கோவலன் மீளவில்லை. இல்லறம் ஓரிடம், பொருள் தேடல் வேறிடம் என்னும் இன்றைய புறநகர் வாழ்வின் அமைப்பு அக்காப்பியத்திலேயே உருவாகியிருப்பதைக் காணலாம். காலையில் சோறு கட்டிக்கொண்டு மின்தொடர் வண்டியேறும் கணவனையோ மனைவியையோ வாயிலில் நின்று வழியனுப்பும் குடும்பங்களின் உள்ளத்தில் எழும் கலக்கம் பழமையானது.

பட்டினப்பாலையின் தலைவனும் ஈண்டு நினைக்கத்தக்கவன். காவிரிப்பூம்பட்டினத்தின் வளமெல்லாம் விரிவாகப் பேசப்பட்ட பின்னும், அப்பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் எனத் தன் நெஞ்சிற்கு அவன் உரைக்கின்றான். நகரின் பெருமையை மறுக்காமலே அதனினும் பெரிதாக ஒன்றைக் கருதும் மனம் அது. மேற்கெல்லையின் அடியார் வரலாறுகளில் அதே மனம் வேறு வடிவில் வெளிப்படுகின்றது.

தலைநகர் தேடி வந்த சிற்றூர்கள்

இவ்வட்டாரத்தின் பழங்கதைகளை ஒருசேர வைத்து நோக்கின் ஒரு பொதுமை விளங்கும். அவற்றில் பெருநகர் காஞ்சி. அதற்கு எதிரே நிற்பது ஒரு சிற்றூர். இறுதியில் பணிவது பெருநகர்.

திருநின்றவூர்ப் பூசலாரிடம் பொருள் இல்லை. எனவே மனத்திலேயே கல்லும் சுதையும் தேடி, நாள் குறித்து, ஆண்டவனுக்குக் கோயில் எடுத்தார். அதே வேளையில் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் எடுத்து முடித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, திருநின்றவூர் அன்பனின் கோயிலில் புகவேண்டியிருப்பதால் வேறு நாள் குறிக்குமாறு பணித்தான் எனப் பெரியபுராணம் கூறும். மன்னன் அவ்வூரைத் தேடிவந்து பூசலாரை வணங்கினான்.

திருமழிசையில் தோன்றிய ஆழ்வாரின் வரலாறும் இத்தகையது. அவருடைய மாணவர் கணிகண்ணனைக் காஞ்சியை விட்டு வெளியேறுமாறு மன்னன் ஆணையிட்டான். மாணவரோடு ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் வேண்டியவாறே திருவெஃகாப் பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். நகர் பொலிவிழந்தது. மன்னன் பிழையுணர்ந்து இரந்து நின்றபின்னரே மூவரும் மீண்டனர். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை எனவும், பெருமாள் 'சொன்னவண்ணம் செய்தவர்' எனவும் வழங்கலாயின என்பது வைணவ மரபு.

பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சிநம்பிகள் இராமாநுசர் காலத்தவர். அவர் தம் ஊரில் நந்தவனம் அமைத்து, அம்மலர்களைக் காஞ்சி வரதருக்குக் கொண்டுசென்று சாத்தி, ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தார். முதுமையில் அவரால் நடக்க இயலாதபோது வரதரே பூவிருந்தவல்லிக்கு வந்து காட்சி தந்ததாகத் தலவரலாறு கூறும். தோட்டம் ஓரூரிலும் தொண்டு வேறூரிலுமாக வாழ்ந்த அவரை, இன்றும் நாள்தோறும் இப்பாதையில் சென்று மீள்வோரின் முன்னோடி எனலாம்.

பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசின் அமைச்சராக விளங்கியவர். சோழ நாட்டுத் திருநாகேச்சுரத்தில் ஈடுபட்ட அவர், அதே பெயரில் குன்றத்தூரில் ஒரு கோயில் எடுத்தார். சோழ நாட்டில் தாம் கண்ட சிறப்பைப் பிறந்த ஊருக்குக் கொணர்ந்த செயல் அது.

இக்கதைகளில் சமய நம்பிக்கையும் வரலாறும் கலந்துள்ளன. எனினும் அவற்றைச் சொல்லிச் சொல்லிக் காத்த மக்களின் மனநிலை ஐயத்திற்கு இடமற்றது. நகருக்கு அருகில் இருப்பது நகருக்குக் கீழே இருப்பதாகாது என்பதே அம்மனநிலை.

வள்ளலாரின் அச்சம்

காஞ்சியின் இடத்தைச் சென்னை பெற்ற காலத்தில் இக்கேள்வியை மிகக் கூர்மையாக எதிர்கொண்டவர் இராமலிங்க அடிகள். 1823இல் மருதூரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்குக் கொண்டுவரப்பெற்று, ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்தவர் அவர். முப்பதாண்டுகளுக்கு மேல் நகரவாசி. ஆயினும் அவர் உள்ளம் திருவொற்றியூர், திருமுல்லைவாயில் முதலிய சுற்றுப்புறத் தலங்களையே நாடியது. பின்னர்ச் சென்னையை நீங்கிக் கருங்குழியில் தங்கி, 1867இல் வடலூரில் தருமச்சாலையை நிறுவினார்.

செல்வம் மிகுந்த சென்னையில் இருந்தால் துன்பம் நேரும் என அஞ்சிச் சிற்றூர்ப் புறங்களிலும் காட்டிலும் புன்செய்க் களங்களிலும் திரிந்ததைப் 'பிள்ளைப் பெருவிண்ணப்ப'த்தில் அவரே கூறியுள்ளார். இதனை ஊர்ப்பாசம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர் மருதூருக்கு மீண்டு சென்று அடங்கிவிடவில்லை. சாதி சமய வேறுபாடற்ற அணையா அடுப்பு ஒன்றை வைப்பதற்கான வெளியைத் தேடினார். பெருநகரின் ஆரவாரமும் வேண்டா, பழைய ஊரின் கட்டும் வேண்டா என்னும் மூன்றாவது விருப்பம் அவருடையது.

இருப்புப் பாதையும் தொழிற்கூடமும்

1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி ஓடியது. மேற்கெல்லையின் ஏரிகளையும் வயல்களையும் ஊடறுத்துச் சென்ற அப்பாதையே பின்னாளில் இப்பகுதியின் விதியை எழுதியது. எனினும் அடுத்த தொண்ணூறு ஆண்டுகள் பெரிய மாற்றம் இன்றிக் கழிந்தன.

நாடு விடுதலையை நெருங்கியபோது நகரா, சிற்றூரா என்பது இந்தியாவின் கேள்வியாயிற்று. 1945 அக்டோபரில் காந்தியடிகளும் நேருவும் இதுபற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். உண்மையும் வன்முறையின்மையும் சிற்றூரின் எளிமையில்தான் கைகூடும் என்றார் காந்தியடிகள். சிற்றூர் பண்பாட்டில் பிற்பட்டிருப்பதை நேரு சுட்டினார். பத்தாண்டுகள் கழித்து, 1955 சனவரியில், ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக அறிவித்தது. அத்தீர்மானம் கண்ட மண்ணிலேயே அதன் விளைவுகளும் எழுந்தன. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1965இல் அங்கிருந்து முதல் 'விஜயந்தா' பீரங்கி வண்டி வெளிவந்தது. அம்பத்தூரில் 1949இலேயே தொடங்கப்பெற்ற மிதிவண்டித் தொழிற்சாலையை அடுத்து, 1960களில் தொழிற்பேட்டை விரிந்தது. 1979இல் திருவள்ளூர் வரை மின்தொடர் வண்டி ஓடலாயிற்று.

ஆவடி என்னும் பெயரையே படைக்கலக் கிடங்கு ஒன்றன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளாக விரித்துரைக்கும் வாய்மொழி வழக்கு இன்றும் உண்டு. முல்லையும் வேலங்காடும் பூவும் ஊர்ப்பெயர்களாக நின்ற நிலத்தில் தொழிற்கூடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு அவ்வழக்கே சான்று.

விருப்பம் யாருடையது?

சிற்றூரின் அமைதியைப் பாடுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வமைதி எல்லோர்க்கும் உரியதாக இருந்ததில்லை. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிருணய மன்றத்தில் பேசிய அம்பேத்கர், இந்தியச் சிற்றூரைக் குறுகிய மனமும் அறியாமையும் மண்டிக்கிடக்கும் இடமெனக் கடிந்துரைத்தார். நகரம், கிராமம் என்னும் வேறுபாடே ஒழியவேண்டும் என்றார் பெரியார். ஊரில் தெருவின் பெயரே சாதியின் பெயராக இருந்தவர்க்கு, தொழிற்சாலை வாயிலில் வழங்கப்பட்ட எண் பொறித்த அடையாள அட்டை ஒரு விடுதலை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடைக் கூடங்களுக்குச் சென்று மாதக் கூலியைத் தம் கையில் பெற்ற பெண்களுக்கும் அது பொருந்தும்.

உலகின் பிற பகுதிகளிலும் இச்சிக்கல் ஆராயப்பட்டுள்ளது. 1898இல் இங்கிலாந்தின் எபினேசர் ஓவர்டு, மனிதரை ஈர்க்கும் காந்தங்கள் மூன்று என்றார்: நகர், நாட்டுப்புறம், இரண்டும் இணைந்த தோட்டநகர். தொழிலும் கூலியும் நகரிலிருந்தும், காற்றும் நீரும் நாட்டுப்புறத்திலிருந்தும் ஓரிடத்தில் கூடவேண்டும் என்பது அவர் கருத்து.

பூவிருந்தவல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் இதற்கு ஒரு தமிழ் விடை முயலப்பட்டது. வேதிப்பொறியியல் கற்று, அறிவியல் ஆய்வு நிறுவனப் பணியைத் துறந்து ஊர் திரும்பிய இரங்கசாமி இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவரானார். வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் அங்கு எழுந்தன. சிற்றூர்கள் தமக்குள் பொருள்களை ஆக்கியும் மாற்றியும் வாழலாம் என்பது அவர் கொள்கை. காந்தியடிகளின் ஊரை அம்பேத்கரின் கண்கொண்டு திருத்தும் முயற்சி எனலாம். பின்னாளில் அதே குத்தம்பாக்கம், பெருநகரின் புறநகர்ப் பேருந்து நிலையத்திற்கு உரிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றது.

நீர் சொல்லும் உண்மை

2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. பெயரளவில் புறஞ்சேரி நகராகிவிட்டது. ஆயினும் நகர் இன்னும் புறஞ்சேரியை நம்பியே உயிர் வாழ்கின்றது. செம்பரம்பாக்கமும் புழலும் அதன் நீர்க்குடங்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்து உபரிநீர் திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு நகர் குடிநீருக்குத் தவித்தது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகளின் கரைகளில் வீடுகள் நெருங்கும்தோறும், எதை விரும்பி மக்கள் இங்குக் குடிவந்தனரோ அதுவே குறைந்து வருகின்றது.

அன்று காஞ்சி மன்னன் திருநின்றவூருக்கு வந்து வணங்கினான். இன்று பெருநகர் வருகின்றது, வணங்குவதில்லை, விழுங்குகின்றது. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்தும் கடமை இவ்வட்டாரத்துக் கவிஞர்களுடையது. இங்கு வாழ்ந்துகொண்டே பிறந்த ஊரின் ஆலமரத்தை மட்டும் பாடுவது போதாது. ஐந்து திணைகளையும் அவற்றின் மயக்கத்தையும் வகுத்துக் கண்ட மரபினர்க்கு, ஏரிக்கரையும் தொழிற்பேட்டையும் மயங்கிய இந்நிலம் பாடுபொருளாதல் அரிதன்று. புறஞ்சேரியைத் தம் ஊரென முதலில் கவிஞர் ஏற்கட்டும். தம் ஊரென ஏற்றவரே அதன் ஏரியைக் காக்க முன்வருவர்.